‘அம்மா வரேன்’ என்று பேசுவதால் குழந்தை குழம்பாது

2 வயது 3 மாத மகளிடம் ‘அம்மா வரேன்’, ‘அம்மாகிட்ட குடு’ என்றே பேசுவதால்தான் அவளும் ‘நான்’ என்று சொல்லாமல் ‘பாப்பாக்கு வேணும்’ என்கிறாளோ என்று கேட்டிருந்தீர்கள். கவலையே வேண்டாம். ‘நான்’ குழந்தைக்கு உண்மையிலேயே சிக்கலான சொல்: நீங்கள் சொன்னால் நீங்கள், அப்பா சொன்னால் அப்பா, அவள் சொன்னால் அவள் என்று வாய்க்கு வாய் ஆள் மாறிவிடும், ‘அம்மா’ மாறாது, அதனால்தான் பல மொழிகளிலும் பெற்றோர் இப்படிப் பேசுகிறார்கள். அதோடு ‘வரேன்’ என்பதன் ‘ஏன்’ விகுதியிலேயே ‘நான்’ இருக்கிறதே, அவள் காதில் அது விழுந்துகொண்டுதான் இருக்கிறது.

என் மகன் இரண்டரை வயதில் கையை நீட்டிக்கொண்டு ‘உன்னைத் தூக்கு’ என்பான். நான் திருத்தமாட்டேன், ‘என்னைத் தூக்குன்னு சொல்றியா, வா’ என்று தூக்கிக்கொள்வேன், சில மாதங்களில் தானாகச் சரியானது.

அப்புறம், நீங்களும் கணவரும் ‘நான் மடிக்கிறேன், நீ அடுக்கு’ என்று பேசிக்கொள்ளும்போது அவளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பெரியவர்கள் தங்களுக்குள் பேசுவதைக் கேட்டும் குழந்தைகள் இதைக் கற்கிறார்கள். மூன்று வயதுக்கு மேலும் குழப்பம் நீடித்து, பேச்சும் குறைவாக இருந்தால் மட்டும் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.