வெள்ளிக்கிழமைக்குள்ளன்னு இங்கிலீஷ்ல எப்படிங்ணா சொல்றது?

ஏனுங்ணா, உங்க மெசேஜ் பாத்தேன். பாப்பா பி.காம் முடிச்சுட்டு கோபில இருந்து பஸ் ஏறி திருப்பூர்ல ரெண்டு கம்பெனிக்கு மெர்ச்சண்டைசர் (வெளிநாட்டுக்காரங்களோட பேசி ஆர்டரப் பாத்துக்கற வேலை) இன்டர்வியூ போயி ரெண்டுலயும் இங்கிலீஷ் பத்தலைன்னு அனுப்பிட்டாங்க, இங்க ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ்ல 18,000 கேக்கறாங்க, கட்டட்டுமான்னு கேட்டிருந்தீங்க. கட்டாதீங்க. அதாவது இப்போதைக்கு வேண்டாம். பாப்பா எழுதுன டெஸ்ட் மெயில போட்டோ எடுத்து அனுப்புனீங்கல்ல, அத ரெண்டு தடவ படிச்சுட்டுத்தான் சொல்றேன், இங்கிலீஷ் தெரியாத புள்ள எழுதுனது இல்லீங்க அது. தமிழ்ல ரோசனை பண்ணி வார்த்தைய மட்டும் மாத்தி வெச்சிருக்குது. மொத்தம் பதினோரு தப்பு, அதுல ஏழு ஒரே வகையறா.

மொதல் தப்பே பாருங்க, "ஃபேப்ரிக் வில் ரீச் வித்தின் ஃப்ரைடே". நம்ம வெள்ளிக்கிழமைக்குள்ளன்னு சொல்றோம், குள்ளன்னா வித்தின், அப்ப வித்தின் ஃப்ரைடேன்னு போட்டாச்சு, பாப்பா கணக்கு சரிதான். ஆனா இங்கிலீஷ்காரனுக்கு வித்தின்னுக்கு அப்பறம் எத்தன நாளுன்னு வரோணும், வித்தின் த்ரீ டேஸ்ங்கற மாதிரி. கிழமையோ தேதியோ போட்டா "பை ஃப்ரைடே". சில பேரு டில் ஃப்ரைடேன்னு போடுவாங்க, அது இன்னும் வம்பு, "வீ வில் ஷிப் டில் ஃப்ரைடே"ன்னா வெள்ளிக்கிழமை வரைக்கும் அனுப்பிட்டே இருப்போம்னு அர்த்தம் ஆயிரும். ஜெர்மனில உக்காந்துட்டு படிக்கற பையருக்கு, அதாவது நம்ம சரக்க வாங்கறவருக்கு, தேதி புரியாம மறுபடி மெயில் போட்டு, நம்மாளு பதில் போட்டு, நாலு நாள் போயிருச்சுன்னா கப்பல்ல போக வேண்டிய சரக்கு ஏர்ல போகும், அந்தக் காசு பெரும்பாலும் எக்ஸ்போர்ட்டர் தலைலதான் விழும். அதுக்குத்தான் கம்பெனிக்காரங்க பயப்படறாங்க, இலக்கணப் பைத்தியம் புடிச்சு யாரும் ரிஜெக்ட் பண்ணறதில்ல.

இதே வகையறாதான் "பிஃபோர் டூ டேஸ் வீ சென்ட் த லேப் டிப்" (லேப் டிப்னா கலர் சரியான்னு பாக்கறதுக்கு சாயம் போட்டு அனுப்பற துண்டுத் துணி). ரெண்டு நாள் முன்னாடிங்கறத அப்படியே தூக்கிப் போட்டது, "டூ டேஸ் அகோ"ன்னு வரோணும். அப்பறம் "டுடே மார்னிங்", அது "திஸ் மார்னிங்". சின்ஸ், ஃபார் ரெண்டுலயும் கொழப்பிருக்குது, ஆரம்பிச்ச நாளச் சொன்னா சின்ஸ், எத்தன காலம்னு சொன்னா ஃபார். சின்ஸ் 2023, ஃபார் டூ இயர்ஸ், அவ்வளவுதான்.

ஒரே தமிழ் வார்த்தைக்கு இங்கிலீஷ்ல மூணு வார்த்தை இருக்கற எடத்துல நம்ம புள்ளைங்க எல்லாரும் விழுவாங்க. "கேக்கறது" இருக்குதுல்லீங்க, பையர்கிட்ட வெல கேட்டா ஆஸ்க், ரேடியோல பாட்டு கேட்டா லிசன், அடுத்த ஊட்ல சத்தம் கேட்டா ஹியர். பாப்பா "ஐ ஹியர்ட் த பையர் ஃபார் அப்ரூவல்"னு எழுதிருக்குது. நாஞ் சிரிச்சுட்டேன், தப்பா எடுத்துக்காதீங்க. கடன் மட்டும் நம்மளுக்கு லேசு, கடன் வாங்கறது பாரோ, குடுக்கறது லெண்ட், ஆனா அதுலயே பல பேரு "பேங்க் பாரோட் மீ"ன்னு பேங்க்க கடங்காரனாக்கிருவாங்க.

"டிட் நாட் வென்ட்" ரெண்டு எடத்துல இருக்குது. இதுக்கு ரூல் மனப்பாடம் பண்ணவே வேண்டாம், தமிழையே பாக்கச் சொல்லுங்க. "போனேன் இல்ல"ன்னு யாராச்சும் பேசறமா? "போகல"ங்கறோம், அதாவது போக, இல்ல. இல்லைன்னு வந்துட்டா போனேன் வர்றதில்ல. அதே மாதிரி டிட் வந்தாச்சுன்னா வென்ட் கெடையாது, கோ மட்டும்தான். இந்த ஒரு எடத்துல தமிழ நம்பலாம்.

டவுட்டுங்கற வார்த்தைய மெயில்ல எங்க இருந்தாலும் அடிச்சுறச் சொல்லுங்க. நம்மளுக்கு டவுட்டுன்னா வாத்தியார்கிட்ட கேக்கறது, வெளிநாட்டுக்காரருக்கு "ஐ ஹேவ் எ டவுட் அபௌட் யுவர் ஆர்டர்"னா ஆர்டர் மேலயே நம்பிக்கை இல்லைன்னு படும். "ஐ ஹேவ் எ கொஸ்டின்" போதும். இன்டர்வியூல "ஐ பாஸ்ட் அவுட் இன் 2024"ன்னு சொல்றதும் அப்படித்தான், இங்க எல்லாருக்கும் புரியும், அங்க மயக்கம் போட்டு விழுந்ததா நெனப்பாங்க. "ஐ கிராஜுவேட்டட்".

ஸ்பெல்லிங்ல ஒண்ணே ஒண்ணு, லூஸ். கார்மென்ட்ஸ்ல இது தெனமும் வரும். ஒரு ஓ போட்டா தொலைக்கறது, ரெண்டு ஓ போட்டா தொளதொளன்னு இருக்கறது. "வீ வில் லூஸ் த ஆர்டர்"ல ரெண்டு ஓ போட்டுட்டா ஆர்டர் தொளதொளன்னு ஆயிரும்.

அந்த கிளாஸ்காரங்க "டூ த நீட்ஃபுல்" (ஆக வேண்டியதப் பண்ணுங்கன்னு அர்த்தம்) தப்புன்னு சொன்னாங்களாமா? தப்பில்லீங்க, வெள்ளக்காரன் காலத்து ஆபீஸ் இங்கிலீஷ், அங்க பழசாப் போச்சு, இங்க இன்னும் ஓடுது. அதே மாதிரி பிரீபோன், அதாவது குறிச்ச தேதிய முன்னாடி கொண்டு வர்றது, ஆக்ஸ்ஃபோர்டு லேர்னர்ஸ் டிக்ஷனரிலயே இருக்குது, இந்தியன் இங்கிலீஷ்னு குறிப்போட. தப்புன்னு பயப்பட வேண்டாம், பையருக்கு புரியாதுங்கறதால "பிரிங் ஃபார்வர்ட்"னு எழுதிட்டா முடிஞ்சுது.

இனி என்ன பண்ணோணும்னா, ஒரு நோட்டு வாங்கி எடது பக்கம் தான் எழுதுன தப்பு, அதுக்குக் கீழ அது எந்தத் தமிழ்ல இருந்து வந்துதுன்னு, வலது பக்கம் சரியானது. டிக்ஷனரில வார்த்தைக்கு அர்த்தம் பாக்கறத விட கீழ இருக்கற எடுத்துக்காட்டு வாக்கியத்த எழுதோணும், ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் ரெண்டும் நெட்ல சும்மாவே கெடைக்குது, உச்சரிப்பும் கேக்கலாம். தெனம் ஒரு மெயில், லேப் டிப் லேட்டு, ஃபேப்ரிக் ஷேட் மாறிருச்சு, சைஸ் செட் (ஒவ்வொரு சைஸ்லயும் தெச்ச மாதிரி) அனுப்பியாச்சு, இப்படி வேலைல நெசமா வர்ற விஷயமா நாலே வரி. ரெண்டு மாசம் பாக்கலாம், எழுத்து சரியாகி பேச்சு மட்டும் தயங்குச்சுன்னா அப்ப பேச்சுக்கு மட்டும் ஒரு கிளாஸ் தேடலாம், அதுக்கு 18,000 ஆகாது.

நீங்க வெசனப்படாதீங்ணா. ஞாயித்துக்கெழமை சாயங்காலம் ஒருக்கா பாப்பாவ கூப்பிடச் சொல்லுங்க, நானே பையர் மாதிரி இங்கிலீஷ்ல பேசறேன். நாந் திருப்பிக் கூப்பிட்டா மட்டும், நம்ம ஊரு பழக்கத்துல "சொல்லுங்க"ன்னு எடுக்கற மாதிரி "டெல் மீ"ன்னு எடுக்க வேண்டாம், ஹலோ சொல்லி பேரச் சொன்னாப் போதும்.