கதவு திறந்திருந்தும் அவன் ஏன் நுழைய மாட்டேன் என்கிறான்?

அன்புள்ள அம்மா,

பள்ளியின் கடைசிப் பரீட்சையான எச்எஸ்சியை முடிக்கப்போகும் மகன், "யூனிவர்சிட்டி வேண்டாம், எபேன் சைபர்சிட்டியில் கால் சென்டர் வேலைக்குப் போகிறேன்" என்று ஒற்றைக் காலில் நிற்பதாக எழுதியிருக்கிறீர்கள். கணக்கில் கெட்டிக்காரன், ஆனால் பள்ளிக்கூடம் என்றாலே முகம் சுண்டிப்போகிறது, இது சோம்பலா என்று கேட்கிறீர்கள். சோம்பல் என்று எனக்குத் தோன்றவில்லை.

செலவைக் கண்டு பயப்படுகிறான் என்றும் சொல்ல முடியாது. நம் மொரீஷியஸில் 1977 முதல் இடைநிலைக் கல்வி இலவசம். 2019 முதல் அரசுப் பல்கலைக்கழகங்களில் முதல் பட்டப்படிப்புக்கும் கட்டணம் இல்லை.

அவன் ஒரு நாளை நினைத்துப் பாருங்கள். வீட்டில் நாம் எல்லோரும் பேசும் கிரியோல் மொழி, டிவியில் பிரெஞ்சு, கோவில் வகுப்பில் கொஞ்சம் தமிழ். பரீட்சைத் தாளோ ஆங்கிலத்தில். பதில் தெரியும், ஆனால் அதை ஆங்கிலத்தில் கோர்ப்பதற்குள் இன்னொருவன் கை தூக்கிவிடுகிறான். நாலு தடவை அப்படி ஆனால் பிள்ளை வாயை மூடிக்கொள்கிறது. ஆசிரியரோ அதற்கு ஒன்றும் தெரியவில்லை என்று எடுத்துக்கொள்கிறார். தொடக்கப் பள்ளியில் கிரியோல் விருப்பப் பாடமாக வந்ததே 2012இல்தான். கெட்டிக்காரப் பிள்ளைகள் இப்படி ஒதுங்குவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் ஆறுவதில்லை.

அப்புறம் இந்த லோரேயா ஆரவாரம். ஒவ்வொரு வருடமும் எச்எஸ்சி முடிவு வந்தவுடன் அரசு ஸ்காலர்ஷிப் வாங்கிய சிலரை, அதாவது லோரேயாக்களை, தோளில் தூக்கிக் கொண்டாடுகிறோம். கொண்டாடட்டும். ஆனால் நன்றாகவே படித்த மற்ற பிள்ளைகள், தாங்கள் தோற்றுவிட்டதாக நினைத்துக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். சொந்தக்காரர் வீட்டு லோரேயாவைப் பற்றி அவன் எதிரில் தயவுசெய்து பேசாதீர்கள்.

இரண்டு வாரம் மார்க்கைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அவனுக்குப் பிடித்த கணக்கு ஒன்றைக் கிரியோலிலேயே உங்களுக்கு விளக்கச் சொல்லுங்கள். பிறகு ஒரு வேலை நாளில் ரெடுயில் இருக்கும் மொரீஷியஸ் பல்கலைக்கழக வளாகத்துக்குப் போய்வரட்டும். உங்கள் ஊர்ப் பிள்ளை யாராவது அங்கே இரண்டாம் வருடம் படித்தால், அவர்களோடு போவது இன்னும் நல்லது. உங்களைவிட, என்னைவிட, அவர்கள் சொன்னால் கேட்பான்.

அதற்குப் பிறகும் வேலைதான் என்றால், சரி, விடுங்கள். திறந்த பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம். பாலிடெக்னிக்கில் டிப்ளமோ இருக்கிறது. ஒரு வருடம் தள்ளிப்போனால் குடி முழுகிவிடாது.

அடுத்த முறை அவனையும் கூட்டி வாருங்கள். கிரியோலிலேயே பேசலாம் என்று சொல்லிக் கூட்டி வாருங்கள்.