வெள்ளியங்கிரி ஏற என்ன உடுப்பது, எதைச் சுமப்பது?

கேள்வி: மார்ச் மாதம் நண்பர்களோடு கோவை அருகே ஏழு மலை ஏறும் வெள்ளியங்கிரிக்குப் போகிறேன். இரவு 10 மணிக்குப் பூண்டி அடிவாரத்தில் ஏறத் தொடங்குவதாகத் திட்டம். உச்சியில் கடுங்குளிர் என்கிறார்கள். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டே ஏறலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: வேண்டாம். ஸ்வெட்டர் உச்சி வரை பையிலேயே இருக்கட்டும். முதல் மலையே செங்குத்தான கல் படிகள். அரை மணி நேரத்தில் சட்டை தொப்பலாகிவிடும். பருத்தி வேர்வையைக் குடித்துக்கொண்டு எளிதில் காயாது. மேலே மரமில்லாத வெட்டவெளியில் காற்று அடிக்கும்போது அந்த ஈரம் உடம்புச் சூட்டை இழுத்துவிடும். ஏறுகிறவரை தெரியாது, உட்கார்ந்ததும் பல் கிட்டும்.

உங்கள் நேரக்கணக்கும் சரியில்லை. நல்ல நடையில் ஐந்து மணி நேரத்தில் ஏறினால் அதிகாலை 3 மணிக்கே உச்சி. மார்ச்சில் சூரியன் வர ஆறரை ஆகும். மூன்றரை மணி நேரம் ஈரச்சட்டையோடு காற்றில் உட்காரப் போகிறீர்கள். நள்ளிரவை ஒட்டிக் கிளம்பலாம். முடியாவிட்டால் வழியில் காற்று படாத இடங்களில் ஓய்வைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஏறுவதற்குப் பாலியெஸ்டர் டி-ஷர்ட், தளர்வான டிராக் பேன்ட். ஜீன்ஸ் நனைந்தால் கனக்கும், முட்டியை மடக்க விடாது, தொடை இடுக்கை உரசிப் புண்ணாக்கும். பையில் காய்ந்த டி-ஷர்ட், ஸ்வெட்டர், காதை மூடும் குல்லா, காற்றுப் புகாத மெல்லிய ஜெர்கின். உச்சியில் நின்றதும், உடம்பு ஆறுவதற்குள் மாற்றிவிடுங்கள். ஆறாம் மலையில் ஆண்டி சுனையில் குளிப்பவர்கள் காய்ந்த துணியை அங்கேயே போட்டுக்கொண்டு, ஏழாம் மலை ஏற்றத்தில் அதையும் நனைத்துவிடுகிறார்கள். குளிப்பதென்றால் துண்டும் இன்னொரு மாற்றுத்துணியும் தனியாக வேண்டும்.

மாற்றுத்துணிகளைப் பாலிதீன் கவரில் சுற்றாதீர்கள். அடிவாரச் சோதனையில் வனத்துறையினர் வாங்கிவிடுவார்கள். ஜெர்கினுக்குள்ளேயே சுருட்டிக் கட்டினால் போதும். தின்பண்டத்தையும் டிபன் டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: எவ்வளவு தண்ணீர் எடுக்க வேண்டும்? ஓ.ஆர்.எஸ். தேவையா?
– வாசகி, திருப்பூர்

பதில்: ஆளுக்கு 2 லிட்டர். வழியில் சுனைகள் உண்டு, ஆனால் கோடை முற்றினால் நீர் குறையும். அவற்றை மட்டும் நம்பி ஏற வேண்டாம். ஓ.ஆர்.எஸ். அவசியம். 21 கிராம் பாக்கெட் முழு 1 லிட்டருக்கானது. அரை லிட்டர் பாட்டிலில் முழுதாகக் கொட்டினால் உப்பு மிகுந்து தாகம் கூடும், குமட்டும். பையின் மொத்த எடை 5 கிலோவைத் தாண்ட வேண்டாம்.

கேள்வி: பலரும் வெறுங்காலில் ஏறுகிறார்கள், எனக்கு அப்படி நடந்து பழக்கமில்லை. மூங்கில் தடி கட்டாயமா?
– வாசகர், சேலம்

பதில்: தடி கட்டாயம். ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் முட்டி அடி வாங்கும். அப்போது தடியைக் கீழ்ப்படியில் முதலில் ஊன்றிவிட்டுக் காலை வையுங்கள். நெஞ்சு உயரத் தடி இதற்கு வசதி. காலுக்கு, மூன்று வாரம் முன்பிருந்தே தினம் அரை மணி நேரம் மண்ணிலும் சரளையிலும் வெறுங்காலில் நடந்து பழகுங்கள். ஒரு கையில் தடி இருப்பதால் செல்போன் வெளிச்சம் ஒத்துவராது. தலையில் மாட்டும் டார்ச்சும் ஒரு செட் மாற்று பேட்டரியும் வைத்திருங்கள்.