குலங்களின் செயல், ஆர்பிட்கள், மாறாக் கோவைகள்: கேள்வி பதில்

கேள்வி: முதுகலையில் குலக் கோட்பாடு படித்திருக்கிறேன். 'இயற்கணிதக் குலம்' என்றால் அதில் கூடுதலாக என்ன இருக்கிறது?

பதில்: அது குலமாக இருப்பதோடு, பல்லுறுப்புக்கோவைச் சமன்பாடுகளால் அமைந்த வெரைட்டியாகவும் இருக்க வேண்டும். பெருக்கல், நேர்மாறு இரண்டும் அந்த வெரைட்டியின் மார்ஃபிசங்களாக, அதாவது பல்லுறுப்புக்கோவைகளால் எழுதக்கூடிய சார்புகளாக, அமைய வேண்டும். அணிக்கோவை 1 ஆகவுள்ள 2×2 அணிகளை எடுத்துக்கொள்ளுங்கள். உறுப்புகள் நான்கு, சமன்பாடு ஒன்றே ஒன்று. இதுதான் எஸ்எல்2. அஃபைன் இயற்கணிதக் குலம் எதுவானாலும் ஏதாவது ஓர் அணிக் குலத்தின் மூடிய உட்குலமாக எழுதிவிடலாம். நீள்வட்ட வளைவரைகள் அணிகளுக்குள் அடங்காத இன்னொரு வகை. அவை பற்றி இங்கே பேசப்போவதில்லை.

கேள்வி: ஆர்பிட்களை (குலம் ஒரு புள்ளியை நகர்த்திச் சேர்க்கும் எல்லாப் புள்ளிகளின் தொகுதிகளை) எல்லாம் திரட்டி ஒரு கணமாக்கினால் வகுத்தல் வெளி கிடைத்துவிடுமே. நடுவில் மாறாக் கோவைகள் (குலம் நகர்த்தினாலும் மதிப்பு மாறாத பல்லுறுப்புக்கோவைகள்) எதற்கு?

பதில்: கணம் கிடைக்கும், வடிவியல் கிடைக்காது. தளத்தில் (க, ச) என்ற புள்ளியைப் பூச்சியமல்லாத த என்ற எண் (தக, ச/த) என்ற புள்ளிக்கு நகர்த்துகிறது என்று வையுங்கள். க×ச மாறுவதே இல்லை. அதன் மதிப்பு பூச்சியமாக இல்லாதபோது ஒவ்வொரு மதிப்புக்கும் ஓர் அதிபரவளைவு, அது ஒரே ஆர்பிட். மதிப்பு பூச்சியமானால் மூன்று ஆர்பிட்கள் வருகின்றன: ஆதியை நீக்கிய இரண்டு அச்சுகள், பிறகு ஆதிப்புள்ளி. த பூச்சியத்தை நெருங்கும்போது முதல் அச்சின் புள்ளிகள் ஆதியை நெருங்குகின்றன. த பெரிதாகும்போது மற்ற அச்சின் புள்ளிகளும் அப்படியே. ஆக, மாறாத தொடர்ச்சியான சார்பு எதுவும் இந்த மூன்றையும் பிரித்துக் காட்டவே முடியாது. மாறாக் கோவைகள் எல்லாம் க×ச-வின் பல்லுறுப்புக்கோவைகள்தான்; வகுத்தல் வெளி ஒரு நேர்கோடு; அதன் 0 என்ற புள்ளியில் மூன்று ஆர்பிட்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

கேள்வி: ஐகன் மதிப்புகள் ஒன்றாக இருந்தும் வடிவொத்தவையாக (ஓர் அணியை இடப்பக்கமும் அதன் நேர்மாறை வலப்பக்கமும் பெருக்கி ஒன்றிலிருந்து மற்றதைப் பெறக்கூடியவையாக) இல்லாத அணிகள் உண்டு. அவற்றை மாறாக் கோவைகள் பிரிப்பதில்லை. இது கோட்பாட்டின் தோல்வி இல்லையா?

பதில்: மேலே பார்த்ததேதான் இங்கும் நடக்கிறது. மூலைவிட்டத்தில் இரண்டு இடத்திலும் 5, மேல் வலது மூலையில் 1, கீழே 0 என்று ஓர் அணி. மூலைவிட்டத்தில் த, 1/த கொண்ட அணியை இடப்பக்கமும் அதன் நேர்மாறை வலப்பக்கமும் பெருக்குங்கள். மேல் மூலையில் இருந்த 1, த² ஆகிவிடும். மற்றவை அப்படியே இருக்கும். த-வைப் பூச்சியத்துக்குக் கொண்டுபோனால் அலகு அணியின் 5 மடங்கு வந்து நிற்கிறது. அது முதல் அணிக்கு வடிவொத்ததல்ல, ஆனால் முதல் அணியின் ஆர்பிட்டுடைய எல்லையில் உட்கார்ந்திருக்கிறது. டிரேஸ் (மூலைவிட்ட உறுப்புகளின் கூட்டல்) இரண்டுக்கும் 10, அணிக்கோவை 25.

பொது விதி இதுதான்: ரிடக்டிவ் குலம் (எஸ்எல்2, நேர்மாறுள்ள எல்லா அணிகளின் குலம் போன்றது; கூட்டல் குலம் இவ்வகையல்ல) அஃபைன் வெரைட்டியின் மேல் செயல்படும்போது, வகுத்தல் வெளியின் ஒவ்வொரு புள்ளிக்கு மேலும் மூடிய ஆர்பிட் சரியாக ஒன்று உண்டு. அணிகளில் அவை மூலைவிட்டமாக்கக்கூடிய அணிகளின் ஆர்பிட்கள். எது எதனுடைய எல்லையில் இருக்கிறது என்ற இந்தக் கதையைத்தான் நான் பாடத்தின் உயிர் என்பேன். இதைத் தோல்வி என்று ஒதுக்கினால் பாடமே கைநழுவிவிடும்.

கேள்வி: ஹில்பர்ட் 1890-இல் நிறுவியதைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

பதில்: இரண்டு மாறிகள் கொண்ட சமபடிக் கோவைகளுக்கு மாறாக் கோவைகள் முடிவுள்ள எண்ணிக்கையிலான ஆக்கிகளால் (கூட்டியும் பெருக்கியும் மற்றவற்றைத் தரும் கோவைகளால்) பிறக்கின்றன என்று கோர்டன் 1868-இல் காட்டியிருந்தார். கடும் கணக்கீடு அது. ஹில்பர்ட் வேறு வழியில் போனார். நேர்ப்படி கொண்ட மாறாக் கோவைகள் எல்லாம் சேர்ந்து பல்லுறுப்புக்கோவை வளையத்தில் ஓர் ஐடியலை உண்டாக்குகின்றன. அந்த ஐடியலுக்கு முடிவுள்ள ஆக்கிகள் போதும். அவற்றை மாறாக் கோவைகளாகவே தேர்ந்தெடுக்கலாம். இனி எந்த மாறாக் கோவையையும் அவற்றின் சேர்க்கையாக எழுதுங்கள். கெழுக்கள் மாறாதவையாக இருக்க வேண்டியதில்லை, ஆனால் குலத்தின் மேல் சராசரி எடுத்தால் மாறாதவை ஆகிவிடும். அவற்றின் படி குறைவு, எனவே தொகுத்தறிதல் மீதியைப் பார்த்துக்கொள்ளும். எத்தனை முறை படித்தாலும் அலுக்காத நிறுவல்! ஆக்கிகளைக் கண்டுபிடிக்க இது வழி சொல்லவில்லை. அந்தக் குறையை 1893-இல் அவரே எடுத்துக்கொண்டார்.

கேள்வி: அப்படியானால் எந்தக் குலத்துக்கும் முடிவுள்ள ஆக்கிகள் உண்டா?

பதில்: இல்லை. சராசரி எடுக்க முடிவதுதான் மேலே முழு வேலையையும் செய்தது. கூட்டல் குலத்தின் பல பிரதிகள் சேர்ந்து செயல்படும்போது அது முடியாது. 1959-இல் நகாட்டா அத்தகைய எதிர்க்காட்டு ஒன்றைத் தந்து, ஹில்பர்ட்டின் 14-ஆவது கணக்குக்கு எதிர்மறை விடை சொன்னார். ரிடக்டிவ் குலங்களுக்குக் கவலையில்லை. சிறப்பியல்பு பூச்சியமல்லாத களங்களில் (1-ஐத் திரும்பத் திரும்பக் கூட்டினால் பூச்சியம் வரும் களங்களில்) சராசரி கைவிட்டுவிடும். அங்கே மம்ஃபோர்ட் ஊகித்த பலவீனமான பண்பு கைகொடுக்கிறது: குலம் நகர்த்தாத, பூச்சியமல்லாத எந்த வெக்டரிலும் பூச்சியமாகாத நேர்ப்படி மாறாக் கோவை ஒன்று உண்டு. 2×2 அணிகளின் குலத்துக்கு அந்த ஊகத்தைச் சி. எஸ். சேஷாத்ரி நிறுவினார். முழுமையாக நிறுவியவர் ஹபூஷ், 1975-இல்.

கேள்வி: ஒரு புள்ளி ஸ்டேபிளா, செமிஸ்டேபிளா என்று கைக்கணக்காகப் பார்க்க முடியுமா?

பதில்: முடியும். நேர்ப்படி கொண்ட ஏதாவது ஒரு மாறாக் கோவை அந்தப் புள்ளியில் பூச்சியமாகாவிட்டால் அது செமிஸ்டேபிள்; அதோடு அதன் ஆர்பிட் மூடியதாகவும், அதை நகர்த்தாத குல உறுப்புகள் முடிவுள்ள எண்ணிக்கையிலும் இருந்தால் ஸ்டேபிள். ஹில்பர்ட்-மம்ஃபோர்ட் சோதனையின் அழகே அதுதான்: குலம் முழுவதையும் சோதிக்க வேண்டாம், த என்ற ஒற்றை அளபுரு கொண்ட உட்குலங்களைப் பார்த்தால் போதும். க, ச மாறிகளில் நாற்படிச் சமபடிக் கோவையை எடுத்து, க-வுக்குத் தக, ச-வுக்கு ச/த போடுங்கள். க³ச-வுக்குக் கெழு த² ஆகிறது, க⁴-க்கு த⁴. ஆகவே க³ காரணியாக இருந்தால் முழுக்கோவையும் பூச்சியத்துக்குப் போகிறது. நேர்ப்படி கொண்ட எந்த மாறாக் கோவையும் அதில் பூச்சியம்தான். மும்மடி மூலம் இருந்தால் செமிஸ்டேபிள் இல்லை என்பது இதிலிருந்து வருகிறது. க²ச² + க³ச-வில் இரட்டை மூலம் ஒன்று மட்டும் இருக்கிறது. அது க²ச² + த²க³ச ஆகி, எல்லையில் க²ச²-இல் போய் நிற்கிறது. ஆக அது செமிஸ்டேபிள்தான், ஆனால் அதன் ஆர்பிட் மூடியதல்ல. நான்கு மூலங்களும் வேறுவேறானால் ஸ்டேபிள்.

கேள்வி: முடிவுறு குலங்களுக்கு ஆக்கிகளின் படிக்கு வரம்பு உண்டா?

பதில்: உண்டு. சிறப்பியல்பு 0 என்றால் குலத்தின் வரிசையைத் தாண்டாது, நோய்தர், 1916.

கேள்வி: தாளும் பேனாவுமாகத் தொடங்க நல்ல கணக்கு ஒன்று சொல்லுங்கள்.

பதில்: இரண்டு 2×2 அணிகளை ஒரே அணியால் ஒருசேர வடிவொத்த மாற்றம் செய்யுங்கள். ஐந்து மாறாக் கோவைகள் போதும்: இரண்டின் டிரேஸ், இரண்டின் அணிக்கோவை, பெருக்கலின் டிரேஸ். அவற்றுக்கிடையே எந்த உறவும் இல்லை. பரிமாணமும் ஒத்துப்போகிறது: 8-இல் 3 போனால் 5. பிறகு மூன்று அணிகளுக்குப் போங்கள். இப்போது பரிமாணம் 9, ஆனால் மூன்றின் பெருக்கலுடைய டிரேஸும் வேண்டியிருப்பதால் ஆக்கிகள் 10. அந்த டிரேஸ் ஓர் இருபடிச் சமன்பாட்டை நிறைவு செய்யும். மற்ற ஒன்பதையும் கொண்டு அதன் கெழுக்களை எழுதப் பாருங்கள். பெருக்கும் வரிசையை மாற்றினால் கிடைக்கும் டிரேஸ்தான் அதன் இன்னொரு மூலம்.