1970-களில் ராக் இசையிலிருந்து கிளம்பிய பங்க் என்ற கலகப் பாணி, கிழிந்த உடையும் கூர்முடியும் மட்டும்தானா? அதற்குக் கொள்கை என்று ஏதாவது உண்டா?

உடை மட்டும்தான் என்றால் இரண்டே ஆண்டுகளில் அந்த மோகம் தீர்ந்திருக்கும். அதற்காக உடையை ஒதுக்கிவிட்டுப் பேசவும் முடியாது. லண்டனில் இந்தக் கதை தொடங்கியதே ஒரு துணிக்கடையில்தான்.

கிங்ஸ் ரோட்டில் 430-ஆம் எண் கடை. மால்கம் மெக்லாரனும் விவியன் வெஸ்ட்வுட்டும் நடத்தினார்கள். அங்கே வந்துபோய்க் கொண்டிருந்த பையன்களைச் சேர்த்துத்தான் 1975-இல் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் இசைக்குழு உருவானது. கடைக்கு விளம்பரமாகவும் இருக்கட்டும் என்ற கணக்கு மெக்லாரனுக்கு இருந்தது. கிழிந்த சட்டையும் ஊக்கும்கூட அவர் நியூயார்க்கில் ரிச்சர்ட் ஹெல் என்ற பாடகரிடம் பார்த்து வந்தவை. ஆகவே, தூய்மையாக இருந்த பங்க்கை வணிகம் வந்து கெடுத்துவிட்டது என்று புலம்புகிறவர்களிடம் எனக்கு அனுதாபம் குறைவு. கல்லாப்பெட்டி முதல் நாளிலிருந்தே அங்கே இருந்தது.

ஆனால், கடைக்கு வெளியே நடந்தது மெக்லாரனின் கணக்கில் இல்லாதது. அன்றைய பிரிட்டனில் வேலையில்லாதோர் பத்து லட்சத்தைத் தாண்டியிருந்தார்கள். 1976-இல் அரசே சர்வதேச நாணய நிதியத்திடம் கடன் கேட்டு நின்றது. ராக் இசையோ கோடீஸ்வரர்களின் கையில். இசைக்கருவிகளின் விலையைக் கேட்டாலே சாதாரண வீட்டுப் பிள்ளைக்கு மயக்கம் வரும். அந்த நேரத்தில், கிட்டாரில் மூன்று சுரக்கூட்டு (கார்டு) தெரிந்தால் போதும், குழு தொடங்கு என்று ஒரு சிறுபத்திரிகை படம் போட்டுச் சொன்னது. என்னைக் கேட்டால் பங்க்கின் கொள்கை அவ்வளவுதான்: யாரிடமும் அனுமதி கேட்காதே, உன்னிடம் இருப்பதை வைத்து நீயே செய்.

அதற்கு எனக்குப் பிடித்த சாட்சி மான்செஸ்டரின் பஸ்காக்ஸ் குழு. ஐந்நூறு பவுண்டு கடன் வாங்கி, 1976 டிசம்பர் இறுதியில் நான்கு பாடல்களைப் பதிவு செய்து, அடுத்த மாதமே தாங்களே இசைத்தட்டாக வெளியிட்டார்கள். ஆயிரம் பிரதிகள். அதன் உறையைப் பாருங்கள்: ஒவ்வொரு பாட்டும் எத்தனையாவது முறை வாசித்ததில் தேறியது, அதன்மேல் கூடுதலாக எதையாவது பதிவு செய்தார்களா என்பதை அச்சிட்டிருப்பார்கள். தொழில் ரகசியம் என்று மூடி வைக்க வேண்டிய விவரத்தைப் போட்டு உடைத்துவிட்டார்கள். இசைத்தட்டு என்பது ஏதோ மந்திரம் இல்லை, ஒரு வேலை, அதை நீயும் செய்யலாம் என்று உறையே சொல்கிறது. அந்தத் துணிச்சலைப் பார்த்து எத்தனையோ குழுக்கள் சொந்த நிறுவனம் தொடங்கின. பெரிய நிறுவனங்களைச் சாராத இசையை இன்று நாம் சர்வ சாதாரணமாக 'இண்டி இசை' என்கிறோமே, அதன் பிரிட்டிஷ் வேர் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

எஸ்ஸெக்ஸில் ஒரு பண்ணை வீட்டில் கூட்டாக வாழ்ந்த கிராஸ் குழு இன்னும் ஒரு படி போனது. இதற்கு மேல் விலை கொடுக்காதே என்று உறையிலேயே தொகையை அச்சிட்டது. போர் எதிர்ப்பு, சைவ உணவு, அரசே வேண்டாம் என்ற அராஜகவாதம் எல்லாம் பங்க்கோடு ஒட்டிக்கொண்டதில் இவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

எல்லோரும் இப்படிக் கொள்கைக் குன்றுகளாக இருந்தார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். பெரியவர்களைச் சீண்டுவதற்காக நாஜிகளின் ஸ்வஸ்திகா பட்டை கட்டிக்கொண்டு திரிந்தவர்களும் உண்டு. இரண்டாம் உலகப் போர் முடிந்து முப்பது ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. குண்டுவீச்சைப் பார்த்தவர்கள் அதே தெருக்களில் நடமாடினார்கள். அது கலகம் இல்லை, அசட்டுத்தனம். நிறவெறிக் கட்சியான நேஷனல் ஃபிரண்ட் தெருவில் வளர்ந்துகொண்டிருந்தபோது, எந்தப் பக்கம் நிற்பது என்று பங்க்குகள் முடிவெடுக்க வேண்டி வந்தது. 1978 ஏப்ரல் 30 அன்று லண்டன் விக்டோரியா பூங்காவில் நடந்த நிறவெறி எதிர்ப்பு விழாவில் தி கிளாஷ், எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ் என்ற பங்க் குழுக்கள், ஜமைக்காவில் பிறந்த ரெகே இசையைப் பாடும் கறுப்பினக் குழுவான ஸ்டீல் பல்ஸுடன் ஒரே மேடையில் பாடின. இதே கிளாஷின் இசைத் துணுக்கைத்தான் ஈழத் தமிழ்க் குடும்பத்துப் பாடகியான எம்.ஐ.ஏ. 2007-இல் தன் பாட்டுக்கு அடித்தளமாக எடுத்து உலகமெங்கும் ஒலிக்க வைத்தார்.

பொதுப் பண்பாட்டில் உடை கரைந்த கதை ஊரறிந்தது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1977-லேயே ஆடை வடிவமைப்பாளர் ஸாண்ட்ரா ரோட்ஸ் விலையுயர்ந்த உடைகளில் ஊக்கு குத்திவிட்டார். 1994-இல் நடிகை எலிசபெத் ஹர்லி அணிந்த, வெர்சாச்சி என்ற ஆடம்பர நிறுவனத்தின் உடையில் ஊக்குகள் தங்க நிறத்துக்கு உயர்ந்தன. வெஸ்ட்வுட் அரசியிடமே விருது வாங்கினார். 2015-இல் ஒரு வங்கி செக்ஸ் பிஸ்டல்ஸ் படம் போட்ட கிரெடிட் கார்டு வெளியிட்டது. இதைவிடப் பெரிய நையாண்டியை அந்தக் குழுவே யோசித்திருக்காது. நான் வடிவமைப்புத் தொழிலில் இருப்பவன். ஜேமி ரீட் அந்தக் குழுவின் உறைகளுக்காகச் செய்தித்தாளிலிருந்து வெட்டி ஒட்டிய, கடத்தல்காரன் மிரட்டல் கடிதம் போன்ற எழுத்துகள் இன்று ஆயத்த எழுத்துருவாகவே கிடைக்கின்றன. கொஞ்சம் கலகமாக இருக்கட்டும் என்று வாடிக்கையாளர் கேட்டால் அதைத்தான் எடுத்துப் போடுகிறோம்.

இதையெல்லாம் வைத்து, உடையில் இனி ஒன்றும் இல்லை என்று முடிவு கட்டவும் எனக்குத் தயக்கம். லண்டனில் மொஹாக் என்ற கூர்முடி வைத்தவர் சுற்றுலா அஞ்சலட்டையில் படமாகிவிட்டார். ஆனால், இந்தோனேசியாவின் அச்சே மாகாணத்தில், 2011 டிசம்பரில், ஒரு நிதி திரட்டும் கச்சேரிக்கு வந்திருந்த அறுபதுக்கும் மேற்பட்ட பங்க் இளைஞர்களைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. தலையை மழித்து, குளத்தில் இறக்கிக் குளிக்க வைத்து, 'ஒழுக்கப் பயிற்சி' என்று பத்து நாள் போலீஸ் முகாமில் வைத்தார்கள்.