ஒரே முத்திரை, பல் மட்டும் வேறு: இது அச்சுப்பிழையா?

அம்மம்மாவின் பனையோலைப் பெட்டிக்குள் பழைய முத்திரைகள் கிடைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். இறப்பர் பால் வெட்டும் படமுள்ள இலங்கை 2 சத முத்திரை இரண்டு, ஆனால் ஓரத்துப் பற்கள் ஒன்றுபோல இல்லை. லண்டனில் இருந்து வந்த ஒன்றின் இரு ஓரத்திலும் நீள்வட்ட ஓட்டை. கனடா முத்திரை ஒன்றுக்கு ஒரு பக்கம் பல்லே இல்லை. எல்லாம் அச்சுப்பிழையா, விலை போகுமா என்பது உங்கள் கேள்வி.

லண்டன், கனடா இரண்டையும் முதலில் முடித்துவிடலாம். பிரித்தானிய முத்திரைகளில் 1993 முதல் அந்த நீள்வட்டத் துளையை வேண்டுமென்றே போடுகிறார்கள், கள்ள முத்திரை அடிப்பவர்களைத் தடுப்பதற்காக. கனடா முத்திரை சிறு புத்தகத்தில் இருந்து கிழித்ததாக இருக்கும். புத்தகத்தின் விளிம்பில் வரும் முத்திரைக்கு அந்தப் பக்கம் நேராக வெட்டியபடிதான் வரும். சுருளாக விற்கும் முத்திரைகளுக்கோ எதிரெதிரான இரண்டு பக்கத்தில் பல் இருக்காது. வெளிநாட்டுக் கடிதம் வராத வீடு யாழ்ப்பாணத்தில் குறைவு, அதனால் இந்த இரண்டையும் ‘பிழை முத்திரை’ என்று பத்திரப்படுத்தி வைத்திருப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அல்பத்தில் வையுங்கள், பெரிய விலையை எதிர்பார்க்க வேண்டாம்.

என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது உங்கள் இறப்பர் மரம்தான். அப்பப்பா கொழும்பில் கிளாக்கராக இருந்த காலத்தில் வீட்டுக்கு எழுதிய உறைகளில் அதே 2 சத முத்திரை ஏழெட்டு இருந்தது. எனக்கு அப்போது பதினொரு வயது. ஒன்றை வைத்துக்கொண்டு மிச்சத்தை ‘டபிள்’ என்று பள்ளிக்கூடத்தில் கொடுத்து ஹங்கேரியின் மிருகப் பட முத்திரைகள் வாங்கினேன். பல வருடம் கழித்து முத்திரைக் கட்டலொக் ஒன்றைப் புரட்டியபோதுதான் தெரிந்தது, ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் தலையோடு 1938 முதல் வந்த அந்த 2 சதம் ஐந்து விதமான துளையளவில், அதாவது ஓரத் துளைகளின் நெருக்கத்தில், இருக்கிறது. 12 உண்டு, 13½ உண்டு, மேலே 11½ பக்கத்தில் 13 என்று கலந்ததும் உண்டு. சில அளவு எங்கும் கிடைக்கும், சிலது அதைவிடப் பல மடங்கு விலை. நான் கொடுத்தவை எந்த அளவு என்று இனி அறிய வழியில்லை. அந்தக் கவலை இன்றும் எனக்கு உண்டு.

ஆகவே அளந்து பார்க்காமல் எதையும் டபிள் என்று ஒதுக்காதீர்கள். துளையளவு என்பது 2 சென்ரிமீற்றர் நீளத்துக்குள் எத்தனை துளை என்ற கணக்கு. பாரிஸைச் சேர்ந்த டொக்டர் லெக்ராண்ட் 1866இல் கொண்டுவந்த முறை, இன்றுவரை உலகம் முழுக்க அதுதான். இதற்கென்று புள்ளிகள் அச்சிட்ட அளவுமட்டை விற்கிறார்கள். முத்திரையை அதன்மேல் வைத்து நகர்த்தினால் எந்த வரிசையின் புள்ளிகள் துளைகளோடு ஓரம் முழுவதும் பொருந்துகின்றனவோ அதுதான் அளவு. மட்டை இல்லாவிட்டால் அடிமட்டத்தை வைத்து 20 மில்லிமீற்றருக்குள் எண்ணுங்கள், அரை வித்தியாசமாவது பிடிபடும். கட்டலொக்கில் 11½ x 13 என்று இருந்தால் முதல் எண் மேல் கீழ் ஓரத்துக்கு, இரண்டாவது பக்க ஓரங்களுக்கு.

மூலையையும் பூதக்கண்ணாடியால் பாருங்கள். துளைகள் மூலையில் சுத்தமாக ஒன்றுசேர்ந்தால் சீப்பு மாதிரியான கருவி, ஒரே அடியில் மூன்று பக்கமும் குத்தியது. ஒழுங்கில்லாமல் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தால் அனேகமாகக் கோடு கோடாகக் குத்தும் மெசின். அச்சகம் மாறினால், மெசின் மாறினால், ஊசி தேய்ந்தால் இந்த அடையாளமும் மாறும். 1940 டிசம்பர் 29 இரவு லண்டனில் குண்டு விழுந்து, பெர்முடா போன்ற நாடுகளின் முத்திரைகளை அச்சிட்ட டி லா ரூ அச்சகம் எரிந்தது. அதற்குப் பின் வந்த பெர்முடாவின் பெரிய முத்திரைகளில் துளையளவு மாறியிருப்பதைப் பார்க்கலாம். ஒரு யுத்தத்தின் சுவடு முத்திரையின் ஓரத்தில் நிற்கிறது. இதைப் பிழை என்று சொல்வதே எனக்குப் பிடிப்பதில்லை.

அப்போ எதுதான் பிழை? இருக்கவேண்டிய ஒன்று முழுதாக இல்லாமல் போனாலோ தலைகீழாக வந்தாலோதான். இரண்டு நிறத்தைத் தனித்தனியாக அச்சிடும்போது தாளைத் திருப்பி வைத்துவிட்டால் நடுப்படம் கவிழ்ந்துவிடும். 1854இல் இந்தியாவின் நாலணாவில் ராணியின் தலை அப்படித்தான் கவிழ்ந்தது. 1918இல் அமெரிக்க விமான முத்திரையில் 100 கொண்ட ஒரு தாள் கவிழ்ந்த விமானத்தோடு விற்பனைக்கே வந்துவிட்டது. நிறம் சற்று விலகியிருப்பது, பின்பக்கத்தில் படம் மங்கலாகக் கண்ணாடிப் பிம்பமாகப் பதிந்திருப்பது, துளை ஒருபக்கம் சரிந்திருப்பது எல்லாம் சின்னக் கோளாறுகள். பார்க்கச் சுவாரசியம், விலை கொஞ்சம்தான். நிறமே காணோம் என்றால் முதலில் வெயிலைச் சந்தேகியுங்கள். எங்கள் ஊர் வெயிலில் ஜன்னலோரம் கிடந்த முத்திரையில் மஞ்சளும் சிவப்பும் வெளுத்துப் போவது புதினமில்லை.

பல் இல்லாத தனி முத்திரையை நம்பிக் காசு கொடுக்கவே வேண்டாம். கத்தரிக்கோல் போதும் அதைச் செய்ய. இரண்டு முத்திரை ஒட்டியபடி, நடுவில் துளையே இல்லாமல் இருந்தால்தான் பேச்சு. இலங்கையின் முதல் முத்திரை, 1857 ஏப்ரல் 1இல் வந்த 6 பென்ஸ், பல் இல்லாமலே வந்தது. அந்தக் காலத்தில் எல்லோருமே கத்தரியால்தான் வெட்டினார்கள். 1859இல் வந்த எண்கோண 4 பென்ஸை அதன் வடிவத்திலேயே சுற்றி வெட்டி எறிந்தவர்கள் உண்டு, நான்கு பக்கமும் வெள்ளை ஓரத்தோடு தப்பியது இன்று பெரும் செல்வம். பின்னால் பல்லோடு வந்த 4 பென்ஸின் பல்லை நறுக்கி அதுபோலக் காட்டும் கள்ள வேலையும் உண்டு.

இன்னுமொன்று. பெட்டியில் உறைகள் இருந்தால் முத்திரையைத் தண்ணீரில் ஊறவைத்துக் கழற்றாதீர்கள். பழைய யாழ்ப்பாணக் கந்தோர் முத்திரைக்குத்து தெளிவாக இருந்தால் முழு உறைக்குத்தான் மதிப்பு. மாரி தொடங்குமுன் ஓலைப் பெட்டியை விட்டு வேறிடத்துக்கு மாற்றுங்கள், ஈரத்தில் பசை ஒன்றோடொன்று ஒட்டிவிடும்.

அந்த இரண்டு 2 சதத்தையும் மேலோரம், பக்க ஓரம் என்று அளந்து எண்களை எழுதுங்கள். 13½ என்று ஏதாவது வந்தால் இடுக்கியால் மட்டும் தொடுங்கள், உடனே எனக்குச் சொல்லுங்கள்.