மண்டபத்துத் தம்பிக்கு, பீர் காய்ச்சுவது பற்றி

தம்பி, நீ கேட்டது இது. சிங்கப்பூர் வந்து மூன்று மாதம் ஆகிறது, எஸ் பாஸ் வேலை அனுமதி, வீவக என்கிற அரசு அடுக்குமாடி வீட்டில் ஓர் அறையில் மூன்று பேர் இருக்கிறீர்கள். பீர் விலை கட்டுப்படியாகவில்லை. வீட்டிலேயே காய்ச்சிக்கொள்ளலாம் என்று யாரோ சொன்னார்கள். சட்டம் விடுமா, என்ன சாமான் வாங்க வேண்டும், காசு மிச்சமாகுமா, பிறகு அதையே வடித்தால் என்ன? கூடவே எந்த சிம் நல்லது, பணம் அனுப்ப எந்த ஆப் நல்லது என்றும் கேட்டிருக்கிறாய். சிம், ஆப் எல்லாம் உன் அறைப் பையன்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், அவர்களிடமே கேட்டுக்கொள். பீர் விஷயம் நான் சொல்கிறேன். 2009 முதல் வீட்டில் செய்து வருகிறேன்.

இப்போது லீவில் ஊருக்கு வந்திருக்கிறேன். மூக்கையூர்ப் பக்கம். கச்சான் காற்று அடிக்கிற அடியில் மணல் கண்ணுக்குள் வருகிறது. பதநீர் கடைசிக் கட்டத்தில் இருக்கிறது. திண்ணையில் உட்கார்ந்துதான் உனக்கு எழுதுகிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகப் போகலாம்.

முதலில் சட்டம். சிங்கப்பூரில் 2004 முதல் வீட்டில் பீர், ஒயின் மாதிரி புளிக்க வைக்கிற பானங்களைச் செய்துகொள்ளலாம். ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை. 18 வயது ஆகியிருக்க வேண்டும், குடியிருக்கிற வீட்டிலேயே செய்ய வேண்டும், நீயும் உன் வீட்டாரும் குடிப்பதற்கு மட்டும். ஒரு பாட்டில்கூட விற்கக் கூடாது. வடிக்கக் கூடாது. நம் பேச்சில் எல்லாவற்றையும் "காய்ச்சுவது" என்றுதான் சொல்கிறோம், அதில்தான் குழப்பமே வருகிறது. பீர் என்பது தானியத்தின் சர்க்கரைத் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆற வைத்து, ஈஸ்ட் போட்டுப் புளிக்க விடுவது. அதை மறுபடி அடுப்பில் ஏற்றி ஆவியைப் பிடித்தால் அது சாராயம். முதலாவதற்கு அங்கே அனுமதி உண்டு. இரண்டாவதற்கு உரிமம் இல்லாமல் கை வைத்தால் வழக்கு, வேலை போகும், ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். "பிறகு வடித்தால் என்ன" என்று நீ எழுதிய வரியைப் படித்ததும் எனக்கு வயிறு கலங்கியது. அதை இன்றோடு மறந்துவிடு.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நான் 1998இல் போனபோது பார்த்தது அப்படி. எனக்கு 19 வயது. ஏஜென்டுக்குக் கொடுத்த பணத்துக்கு அம்மாவின் தோடும் அப்பாவின் வலையும் அடகில். தினக்கூலி 18 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். தகரக் கொட்டகையில் 20 பேர் படுத்திருப்போம். மூலைக் கட்டிலுக்கு அடியில் ஒருவர் இரண்டு பிளாஸ்டிக் கேன் வைத்திருந்தார். ரொட்டிக்குப் போடுகிற ஈஸ்ட், சீனி, அன்னாசிப் பழத் தோல். மூன்றே நாளில் எடுத்து, பழைய தண்ணீர் பாட்டிலில் ஊற்றி, சனிக்கிழமை இரவு விற்பார். அவரும் நம் கரைக்காரர்தான். "நீ கேனைப் பார்த்துக்கொள், வாரம் பத்து வெள்ளி தருகிறேன்" என்று என்னிடம் கேட்டார். பத்து வெள்ளி அன்றைக்கு எனக்குப் பெரிய காசு. சரி என்று சொல்லவே போனேன். எங்களுக்குச் சமைத்துப் போட்ட தொண்டிக்கார அண்ணன் ஒருவர் என்னைத் தனியே கூப்பிட்டு, "உன் கடன் எவ்வளவு பாக்கி?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். "அப்போ அந்தக் கட்டில் பக்கமே போகாதே" என்றார். இரண்டு மாதம் கழித்து சோதனை வந்தது. கேன் வைத்தவரையும், பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்ட கமுதிப் பையனையும் அனுப்பிவிட்டார்கள். அந்தப் பையன் கடன் கட்டி முடித்தானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மீனம்பாக்கத்தில் இறங்கும்போதெல்லாம் அவன் முகம் நினைவுக்கு வரும்.

நம்மவர்களில் ஒரு கூட்டம் இன்றைக்கும் இதைச் செய்கிறது. புதிதாக வந்த பையன்களின் தனிமையை வைத்துக் காசு பார்க்கிறார்கள். எனக்கு அவர்கள் மேல் தீராத கோபம் உண்டு. நிரந்தரவாசம் கிடைத்ததும் ஊர்க்காரனைக் கண்டால் எம்ஆர்டி ரயிலில் அடுத்த பெட்டிக்குப் போகிறவர்களைக்கூட மன்னித்துவிடுவேன். விற்கிறவர்களை முடியாது. உன்னிடம் "காய்ச்சலாம்" என்று சொன்னவர், சாமான் செலவைத் தானே தருகிறேன் என்றாரா? அப்படியென்றால் அவர் கண் உன் அறையின் மேல்தான். விலகிக்கொள்.

உன் மச்சான் குவைத்தில் இருப்பதாக எழுதியிருந்தாய். அவனிடமும் சொல்லிவை. அங்கே மது என்பதே தடை. அனுமதி உள்ள ஊரின் கதையைக் கேட்டுவிட்டு அவன் எதையும் முயலக் கூடாது. 2025 ஆகஸ்டில் குவைத்தில் மெத்தனால் கலந்த சரக்கைக் குடித்து 20க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பலருக்குப் பார்வை போனது. நம் கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் 60க்கும் மேற்பட்டவர்கள் போனதும் இதே மெத்தனாலால்தான். நன்றாகப் புளித்த பீரில் அந்த ஆபத்து இல்லை, தானியம் புளிக்கும்போது மெத்தனால் உண்டாவது மிகமிகக் குறைவு. யாரோ எங்கோ கலந்து வடித்துத் தருவதில்தான் சாவு இருக்கிறது. யார் கொடுத்தாலும், ஊர்க்காரனே கொடுத்தாலும், மூடி உடைந்த பாட்டிலை வாயில் வைக்காதே.

இனி உன் அறைக்கு வருகிறேன். சட்டம் விட்டாலும் முதல் வருடம் நீ செய்யாதே என்பதுதான் என் பதில். பீருக்கு இரண்டு வேண்டும், குளிர்ச்சியும் பொறுமையும். மூன்று பேர் இருக்கிற வாடகை அறையில் முதலாவது கிடைக்காது. கடனோடு வந்தவனுக்கு இரண்டாவது வராது. வீட்டுக்காரரிடம் கேட்காமல் செய்தால் வீடும் போகும்.

குளிர்ச்சியை விளக்கமாகச் சொல்கிறேன். ஏல் என்கிற சாதாரண வகை பீருக்கான ஈஸ்ட் 18 முதல் 22 டிகிரியில் நன்றாக வேலை செய்யும். சிங்கப்பூரில் பகல் 31, 32 போகும். புளிக்கிற பண்டம் தன் சூட்டில் இன்னும் இரண்டு மூன்று டிகிரி ஏறும். அந்தச் சூட்டில் ஈஸ்ட் அவசரப்பட்டு, வேண்டாத கனத்த ஆல்கஹால்களை உண்டாக்கும். பெயின்ட் வாடையும் வாழைப்பழ வாடையும் அடிக்கும், மறுநாள் தலை பிளக்கும். கேனில் மூன்று நாளில் எடுத்ததைக் குடித்துவிட்டு வேலைக்குப் போன பையன்கள் கட்டடச் சாரத்தில் தள்ளாடியது ஏன் என்று எனக்குப் பத்து வருடம் கழித்துத்தான் புரிந்தது.

இதை நான் ஏசி போட்டுச் சமாளிக்கவில்லை. அப்பாவிடம் கற்றதை வைத்துச் சமாளித்தேன். சின்ன வயதில் கரையில் மீன் பெட்டி கட்டுவது என் வேலை. கீழே ஐஸ், மேலே மீன், மறுபடி ஐஸ், இடுக்கில் காற்றுப் போகாமல் மூடி. மதுரை போய்ச் சேரும்வரை சீலா மீன் விறைப்பாக இருக்கும். அதே மாதிரி பெரிய தெர்மாகோல் பெட்டி ஒன்றை மீன் சந்தையில் கேட்டு வாங்கினேன். உள்ளே புளிக்கிற வாளி, சுற்றிலும் உறைய வைத்த ஒன்றரை லிட்டர் தண்ணீர் பாட்டில்கள். காலையில் இரண்டு, இரவில் இரண்டு மாற்றுவேன். வெப்பமானி 19, 20இல் நிற்கும். ஆயிரக்கணக்கில் செலவு செய்து தனிக் குளிர்பெட்டி வாங்கிய நண்பர்கள் வந்து பார்த்துவிட்டு வாய் பிளந்தார்கள். மூக்கையூர்க்காரனுக்கு ஐஸ் பெட்டியைச் சொல்லித்தர யாரும் வேண்டாம்.

நார்வேக்காரர்களின் க்வைக் என்று ஓர் ஈஸ்ட் உண்டு, அது 35 டிகிரியிலும் சுத்தமாகப் புளிக்கும். வெயில் நாட்டுக்காரர்களுக்கு வரம் மாதிரி. இருந்தாலும் நான் பெட்டியை விடவில்லை.

அடுத்தது பொறுமை. இதில் தவறு என்னுடையது. 2009இல் சொந்த வீடு வந்த புதிதில் முதல் தவணை பீர் போட்டேன். ஐந்தாம் நாள் நுரை அடங்கியது. முடிந்துவிட்டது என்று நினைத்து, சர்க்கரை சேர்த்துக் கண்ணாடிப் பாட்டிலில் அடைத்துவிட்டேன். உள்ளே ஈஸ்டுக்குச் சாப்பாடு இன்னும் மிச்சம் இருந்தது. பத்து நாள் கழித்து ஒரு மதியம் சமையலறையில் இரண்டு பாட்டில் வெடித்தன. என் மகள் அப்போதுதான் தண்ணீர் குடித்துவிட்டு ஹாலுக்கு வந்திருந்தாள். கண்ணாடித் துண்டு கூரையில் குத்தி நின்றது. அன்றிரவு நான் தூங்கவில்லை.

அதற்குப் பிறகுதான் ஹைட்ரோமீட்டர் என்கிற அடர்த்தி அளக்கும் கருவியை வாங்கினேன். சர்க்கரைத் தண்ணீரில் மிதக்க விட்டால் தொடக்கத்தில் 1.045 காட்டும். புளிக்கப் புளிக்க இறங்கி 1.010 பக்கம் வந்து நிற்கும். அந்தக் கணக்கில் ஆல்கஹால் நாலரை சதவீதம் சொச்சம். நுரை அடங்கிவிட்டது என்பதை நம்பாதே. இரண்டு மூன்று நாள் இடைவெளியில் அளந்து, எண் மாறாமல் இருந்தால் மட்டும் பாட்டிலில் அடை. லிட்டருக்கு ஆறேழு கிராம் சர்க்கரை போதும், கண்ணளவு வேண்டாம், தராசில் நிறுத்துப் போடு. முதல் சில முறை கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலே பயன்படுத்து, விரலால் அழுத்தினால் உள்ளே காற்று ஏறியது தெரியும், உடைந்தாலும் சிதறாது. பாத்திரம், குழாய், மூடி எல்லாவற்றையும் கிருமிநீக்கியில் முக்கி எடுக்க வேண்டும். பீரில் கெடுவது பாதிக்கு மேல் அழுக்கால்தான்.

சாமான் பற்றிக் கேட்டாய். ஹாப்ஸ் (கசப்புத் தரும் பூ) சேர்த்த மால்ட் (முளைகட்டிய தானியம்) சாறு 1.7 கிலோ டின்னில் வரும், ஒரு டின்னோடு ஒரு கிலோ சர்க்கரை சேர்த்தால் 23 லிட்டர் ஆகும். மூடியுள்ள வாளி, காற்றுப்பூட்டு (உள்ளே உண்டாகும் வாயுவை வெளியே விட்டு, வெளிக்காற்றை உள்ளே விடாதது), ஹைட்ரோமீட்டர், வெப்பமானி. அவ்வளவுதான். முளைகட்டிய பார்லியை 66 டிகிரி தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறப்போட்டுச் சாறு எடுப்பது எல்லாம் பிறகு.

காசு மிச்சமாகுமா? சிங்கப்பூரில் பீருக்கான உற்பத்தி வரி, அதிலுள்ள ஆல்கஹால் லிட்டருக்கு 60 வெள்ளி. ஐந்து சதவீத பீர் ஒரு சின்ன டின்னில் கிட்டத்தட்ட ஒரு வெள்ளி வரிக்கே போகிறது. வீட்டில் செய்தால் அது இல்லை என்பது உண்மை. ஆனால் சாமானும் கெட்டுப்போகும் தவணைகளும் சேர்ந்தால் முதல் வருடம் மிச்சம் எதுவும் வராது. மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் குடிக்காமல் இரு. நான் முதல் நான்கு வருடம் அப்படித்தான் இருந்தேன், அப்பாவின் வலை அதில்தான் மீண்டது.

இன்னொன்று. இரவு 10.30 முதல் காலை 7 வரை பொது இடத்தில் குடிக்கக் கூடாது. தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் சனி, ஞாயிறு முழுக்கவே கூடாது. வீட்டில் செய்ததைப் பையில் போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை புல்வெளியில் உட்காரலாம் என்று யாராவது கூப்பிட்டால் போகாதே.

இவ்வளவு கஷ்டமென்றால் நீங்கள் ஏன் செய்கிறீர்கள் என்று கேட்பாய். எங்கள் பக்கத்து வீட்டு மாமா பனையேறி. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவி மாட்டினால் காலையில் பதநீர். தடவாவிட்டால் அதே பாளையில் கள். மதியம் தாண்டினால் புளித்துக் காடியாகிவிடும். 1987 ஜனவரி 1இல் கள்ளுக்குத் தடை வந்தபோது எனக்கு எட்டு வயது. மாமா அதற்குப் பிறகு பதநீரும் கருப்பட்டியும் மட்டும்தான். ஆனால் கலயத்தை மோந்து பார்த்தே எத்தனை மணிக்கு எந்தப் பக்குவம் என்று சொல்லிவிடுவார். வாளியின் காற்றுப்பூட்டில் முதல் குமிழ் வரும்போது எனக்கு அவர் ஞாபகம்தான் வரும். அதனால்தான் பாட்டிலில் அடைக்கும்போது வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் சாயல்குடிக் கருப்பட்டி போடுகிறேன். கறுப்பு பீருக்கு அது கொடுக்கிற வாசம் வேறு எதிலும் இல்லை. என் வீட்டுக்கு வருகிற ஆஸ்திரேலிய நண்பர் ஒருவர் அதற்காகவே வருடம் ஒருமுறை வருகிறார்.

மாமா இப்போது மரம் ஏறுவதில்லை. நேற்று போய்ப் பார்த்தேன். "அங்க நீ என்னமோ செய்யுறியாமே, இங்க கொண்டு வா, நானும் பார்க்கிறேன்" என்றார். தமிழ்நாட்டில் மதுவிலக்குச் சட்டப்படி வீட்டில் செய்ய இடமில்லை மாமா என்று சொன்னேன். நீயும் நாளைக்கு ஊருக்குச் சாமான் தூக்கி வராதே. சரி, வாசமாவது சொல் என்றார். ஒரு மணி நேரம் உட்கார்ந்து வாசத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அடுத்த மாதம் முதல் வாரம் திரும்புகிறேன். பெரிய தவணை ஒன்று போட வேண்டும், தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் பாட்டில் மாற்ற ஒரு கை வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வா, பக்கத்தில் நின்று பார். கிளம்புவதற்கு முன் மண்டபம் வழியாகத்தான் வருவேன். உன் அம்மா ஏதாவது கொடுத்தனுப்புவதாக இருந்தால் இரண்டு கிலோவுக்குள் கட்டி வைக்கச் சொல். மீதிப் பெட்டி முழுக்கக் கருப்பட்டி.